மறதி நோய்க்கான மருந்துகளைப் பாதுகாப்பாகக் கொடுத்தல்

இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற நெடுநாள் நோய்களுக்கு மருந்து உண்பவர், எந்த மாத்திரையை எப்போது விழுங்கினார் என்பதைத் தாமே நினைவில் வைத்திருப்பார் என்பதையும், மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் தலை சுற்றுகிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்று தாமே வாய்விட்டுச் சொல்வார் என்பதையும் மருத்துவர் கேட்காமலே ஏற்றுக்கொள்கிறார். அல்சைமர் நோயில் இவ்விரண்டையும் நம்ப முடியாது. காலையில் உண்ட மாத்திரையை மறந்து மீண்டும் கேட்பதும், உண்ணாமலே உண்டுவிட்டதாகச் சாதிப்பதும், உடம்பில் ஏற்படும் தொல்லையைச் சொல்லத் தெரியாமல் எரிச்சலாகவோ சோர்வாகவோ வெளிப்படுத்துவதும் நோயின் இயல்பே என்பதால், மருந்தின் பாதுகாப்பு முழுவதும் அதை எடுத்துக் கொடுப்பவரின் கைக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அவ்வகை நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர். இவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே பராமரிக்கப்படுவதால், மருந்து கொடுப்பவர் பயிற்சி பெற்ற செவிலியராக இல்லாமல் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருப்பதே வழக்கம். இந்த அத்தியாயம் அவர்களை எண்ணி எழுதப்பட்டது.

மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது என்ற தெளிவு முதலில் வேண்டும். நினைவுக்கும் கவனத்துக்கும் இன்றியமையாத அசிட்டைல்கோலின் என்னும் செய்திகடத்தும் வேதிப்பொருள் அல்சைமர் நோயாளியின் மூளையில் குறைந்துபோகிறது. அதைச் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியைத் தடுத்து, எஞ்சியிருப்பதைச் சற்று நீடிக்கச் செய்பவை டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் ஆகிய மூன்று மருந்துகள். இவற்றுக்கு முன்னோடியான டாக்ரின் 1993-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றாலும், கல்லீரலைப் பாதித்ததால் பின்னர் வழக்கொழிந்தது. நான்காவதான மெமன்டின் வேறு வழியில், குளூட்டமேட் என்னும் பொருளின் மிகைத் தூண்டலை மட்டுப்படுத்தி இயங்குகிறது. இது நோய் நடுநிலையையோ முற்றிய நிலையையோ அடைந்தவர்களுக்குத் தரப்படுகிறது. இந்த நான்கில் எதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை; மூளை அணுக்கள் அழிவதையும் நிறுத்துவதில்லை. சிலருக்குச் சில காலம் அன்றாடச் செயல்கள் ஓரளவு கைகூடி நிற்கும், அவ்வளவே. மருந்து பற்றிய அத்தியாயத்தில் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பேரப்பிள்ளையின் பெயர் ஒரு மாதத்தில் நினைவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாறும் குடும்பங்களே, அளவைத் தாமாகக் கூட்டுவதும், வேறு மருத்துவரிடம் போய்ப் பழைய சீட்டைக் காட்டாமல் புதுச் சீட்டு வாங்குவதுமாக ஆபத்தை வரவழைத்துக்கொள்கின்றன.

இம்மருந்துகள் எல்லாமே சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்தப்படுகின்றன. டோனெபெசில் பெரும்பாலும் இரவில் 5 மி.கி. எனத் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே 10 மி.கி. ஆக்கப்படுகிறது. கேலன்டமின் சாதாரண மாத்திரை 4 மி.கி. வீதம் காலை உணவுடனும் இரவு உணவுடனும் தொடங்கப்பட்டு, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றப்படுகிறது. மெமன்டின் 5 மி.கி.யில் தொடங்கி வாரத்துக்கு 5 மி.கி. வீதம் நாளொன்றுக்கு 20 மி.கி. வரை செல்கிறது. இந்தப் பொறுமைக்கு அடிப்படை, குடலும் இதயமும் மருந்துக்குப் பழகக் காலம் தேவைப்படுவதே. மேலும் டோனெபெசில் உடலை விட்டு மிக மெதுவாக வெளியேறுகிறது. உட்கொண்டதில் பாதி அளவு குறையவே ஏறத்தாழ 70 மணி நேரம் ஆவதால், இன்று கூட்டிய அளவின் முழு விளைவு தெரிய இரண்டு வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளில் ஒன்றும் ஆகவில்லை என்பது மருந்து ஒத்துக்கொண்டதற்குச் சான்றாகாது.

படியேற்றத்தைவிடக் குறைவாகவே பேசப்படுவதும், அதைவிட ஆபத்தானதுமான ஒன்று, இடையில் விட்டு மீண்டும் தொடங்குவது. ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் மருந்து தீர்ந்துவிட்டது, காய்ச்சலில் சாப்பாடே இறங்காததால் மாத்திரையும் நின்றது என்று ஒரு வாரம் இடைவெளி விழுந்தபின், விட்ட இடத்திலிருந்தே பழைய முழு அளவைக் கொடுப்பது பல வீடுகளில் இயல்பாக நடக்கிறது. ரிவாஸ்டிக்மினோ கேலன்டமினோ மூன்று நாளுக்கு மேல் நின்றுபோனால், மருத்துவரைக் கேட்டு மிகக் குறைந்த அளவிலிருந்தே மறுபடியும் தொடங்க வேண்டும் என்பது விதி. இடைவெளிக்குப்பின் ரிவாஸ்டிக்மினை உயர்ந்த அளவில் திரும்பத் தொடங்கியதால் கடும் வாந்தி ஏற்பட்டு உணவுக்குழாய் கிழிந்த நேர்வு மருத்துவப் பதிவில் உள்ளது. ஒரே ஒரு வேளை தவறியிருந்தால், அதை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகக் கொடுக்கக் கூடாது. தவறியதைத் தவறியதாகவே விட்டு, அடுத்த வேளையை வழக்கப்படி கொடுப்பதே சரி.

ரிவாஸ்டிக்மின் தோலில் ஒட்டும் பேட்ச் வடிவிலும் கிடைக்கிறது. வாந்தியும் குமட்டலும் இதில் குறைவு என்பதால் பலருக்கும் உகந்தது. ஆயினும் இதற்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. மாத்திரையை இருமுறை கொடுத்தால் அட்டையில் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும். பேட்ச் அப்படியன்று. நேற்று ஒட்டியதை உரிக்காமல் இன்று புதியதை வேறிடத்தில் ஒட்டினால், சட்டைக்கு உள்ளே இருப்பதால் யார் கண்ணிலும் படாமல், இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து நஞ்சாகும் அளவு மருந்து இரத்தத்தில் ஏறிவிடும். இவ்வாறு இறந்தவர்களும் உண்டு என்பதால்தான் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் இது குறித்துத் தனியாக எச்சரித்துள்ளன. ஆகவே புதிய பேட்சின் உறையைக் கிழிக்குமுன் பழையதை உரித்து, உட்புறமாக இரண்டாக மடித்து அப்புறப்படுத்துவதே முதல் வேலையாக இருக்க வேண்டும். ஒட்டுமிடம் முதுகாக இருப்பது நல்லது. நோயாளியின் கை எட்டாது. மேற்கையும் மார்பும் பிற இடங்கள். ஒரே இடத்தில் 14 நாளுக்குள் மீண்டும் ஒட்டக்கூடாது என்பதால், முதுகின் எந்தப் பக்கம் எந்தத் தேதியில் என்று நாட்காட்டியில் குறித்துவைப்பது எளிய வழி.

ஒட்டும் தோல் காய்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ முகப் பவுடரோ தைலமோ படிந்த தோலில் பேட்ச் பிடிக்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வழக்கமுள்ள வீடுகளில் அன்று ஒட்டுமிடத்தில் எண்ணெய்ப் பசை போகத் தேய்த்துக் கழுவி, முற்றும் துடைத்துக் காய்ந்தபின்னரே ஒட்ட வேண்டும். உள்ளங்கையால் 30 விநாடி அழுத்திப் பிடிப்பதும், கத்தரியால் வெட்டிப் பாதியாக்காதிருப்பதும், ஒட்டிய இடத்தில் வெந்நீர் ஒத்தடமோ கடும் வெயிலோ படாமல் காப்பதும், வேலை முடிந்ததும் கண்ணைத் தொடுவதற்குமுன் கை கழுவுவதும் விதியில் அடங்கும். பேட்ச் தானாகக் கழன்று விழுந்தால் உடனே புதியது ஒட்டி, மறுநாள் வழக்கமான நேரத்தில் மாற்றிவிடலாம்.

மாத்திரை இரட்டிப்பாவது வேறு வழிகளில் நிகழ்கிறது. இந்தியச் சந்தையில் ஒரே மருந்து பல நிறுவனங்களின் பல பெயர்களில் விற்கப்படுவதோடு, டோனெபெசிலையும் மெமன்டினையும் சேர்த்து ஒரே மாத்திரையாக்கிய கூட்டு மருந்துகளும் தாராளமாகக் கிடைக்கின்றன. முன்பு டோனெபெசில் மட்டும் எழுதிய மருத்துவர் இப்போது கூட்டு மாத்திரைக்கு மாற்றி எழுத, வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையும் வீணாகக் கூடாது என்று கூடவே கொடுக்கப்பட்டால், டோனெபெசில் இருமடங்காகிவிடும். வணிகப் பெயரின் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப் பெயரைப் படிப்பதே இதற்குக் காப்பு. இங்கேதான் மருந்துக்கடைப் பழக்கம் ஒன்று இடையூறாகிறது. பதினைந்து மாத்திரை கொண்ட அட்டையிலிருந்து பத்தை மட்டும் கேட்கும்போது கடைக்காரர் கத்தரியால் வெட்டித் தருகிறார். பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட ஓரம் கடையிலேயே தங்கிவிட, வீட்டுக்கு வருவது பெயரில்லாத வெள்ளித் துண்டு. மறதி நோயாளியின் வீட்டுக்கு முழு அட்டையாகவே வாங்க வேண்டும். இயலாதபோது, பெயரும் அளவும் தேதியும் தாள் உறைமேல் எழுதித் தரும்படி கேட்டுப் பெற வேண்டும். சீட்டில் உள்ள 1-0-1, 0-0-1 என்ற குறியீடு காலை, மதியம், இரவு என்ற வரிசையில் எண்ணிக்கையைக் குறிப்பது. இதைக் கொடுப்பவர் எல்லாரும் ஒரே விதமாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை பேசி உறுதி செய்துகொள்வது நல்லது.

மருமகள் காலையில் கொடுத்ததை அறியாத மகன் பத்து மணிக்கு மீண்டும் கொடுப்பது, அக்கறை மிகுந்த வீடுகளில்தான் நடக்கிறது. ஒரு நாளுக்கு ஒருவர்தான் பொறுப்பு என்று வகுத்துக்கொண்டு, வேளை வாரியாகக் கண்ணறை பிரித்த வாரப் பெட்டியில் மாத்திரைகளை அடுக்கி, கொடுத்தவுடன் ஒரு நோட்டில் நேரத்தையும் எழுதிக் கையொப்பமிட்டால் இக்குழப்பம் நேராது. பெட்டியும் அட்டைகளும் நோயாளியின் கண்ணில் படாத, பூட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். கொடுத்தபின் வாயில் உள்ளதா என்று பார்ப்பதும் அவசியம். கன்னத்தில் அடக்கிவைத்துப் பின்னர் தலையணைக்கடியில் துப்பிவைப்பது அரிதன்று.

இதயத்துடிப்பைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். அசிட்டைல்கோலின் மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை. இதயத்தின் வேகத்தைக் குறைப்பதும் அதன் வேலையே. ஆகவே டோனெபெசில் வகை மருந்துகளால் நாடி மந்தமாகி, நோயாளி எழுந்து நிற்கையில் மயங்கி விழக்கூடும். இம்மருந்துகளை உண்ட மறதி நோயாளிகள், உண்ணாதவர்களைவிட மயக்கத்துக்காக அதிகமாக மருத்துவமனைக்கு வந்ததையும், பேஸ்மேக்கர் பொருத்துவதும் இடுப்பெலும்பு முறிவும் அவர்களிடம் மிகுந்திருந்ததையும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தரவுகளைக் கொண்டு 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஏற்கெனவே நாடியைக் குறைக்கும் அட்டெனோலால், மெட்டோபுரோலால், டில்டியாசெம், வெரபமில், டிஜாக்சின் ஆகியவற்றுள் ஒன்றை உண்பவருக்கு இந்த ஆபத்து கூடுகிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து சேர்கின்றன. நன்மை பெரிதுதான், ஆனால் வீட்டு வாசலில் வாங்கியது என்பதாலேயே அம்மாத்திரைகள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டும் பட்டியலில் இடம்பெறாமல் போய்விடக் கூடாது. மருந்து தொடங்குமுன் ஒரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் அதை வீண்செலவென்று எண்ணலாகாது. வீட்டில் மணிக்கட்டில் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டு, அமர்ந்திருக்கையில் நிமிடத்துக்கு 50-க்குக் கீழ் இருந்தாலோ, ஒருமுறையேனும் மயங்கி விழுந்தாலோ, அடுத்த வேளை கொடுக்குமுன் மருத்துவரை அழைக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால், அது மருந்தின் விளைவுக்கு மருந்து கொடுக்கும் சுழற்சியாக இருக்கட்டும். டோனெபெசில் சிறுநீர்ப்பையையும் தூண்டுவதால் சிலருக்கு அடக்க முடியாமல் சிறுநீர் கசிகிறது. வயதானால் இப்படித்தான் என்று எண்ணி வேறொரு மருத்துவரிடம் காட்ட, அவர் ஆக்சிபியூட்டினினோ டால்டெரோடினோ எழுதுகிறார். இவை அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. ஒரு மாத்திரை அப்பொருளைக் கூட்டப் பாடுபட, மற்றொன்று அதையே அணைக்கிறது. பணம் இரண்டுக்கும் போகிறது, நினைவோ மேலும் மங்குகிறது. டோனெபெசில் வகை மருந்து உண்போருக்கு இத்தகைய எதிர்மருந்து புதிதாக எழுதப்படுவது கூடுதலாக இருந்ததை 2005-இல் வெளியான மற்றோர் ஒன்டாரியோ ஆய்வு எடுத்துக்காட்டியது.

இதே எதிர்ச்செயல் உள்ள மருந்துகள் சீட்டில்லாமலே கையில் கிடைக்கும் பொருள்களிலும் ஒளிந்திருக்கின்றன. சளி மாத்திரைகளில் சேர்க்கப்படும் குளோர்ஃபெனிரமின், உறக்கத்துக்கும் அரிப்புக்கும் தரப்படும் டைஃபென்ஹைட்ரமின், வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், நரம்பு வலிக்கு எழுதப்படும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான டிரைஹெக்சிஃபெனிடில் ஆகிய அனைத்தும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவை. பருவமழைக் காலத்தில் சளிக்கென்று இரண்டு நாள் கொடுத்த மாத்திரையால் நோயாளிக்குத் திடீரென்று குழப்பம் மிகுந்து, இரவெல்லாம் பிதற்றினால், நோய் முற்றிவிட்டது என்று அஞ்சுமுன் அந்த மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வறட்டு இருமல் மருந்தில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான் மெமன்டினுடன் சேரக்கூடாதது. வல்லாரை லேகியம், ஜின்கோ மாத்திரை போன்றவற்றையும் பட்டியலில் எழுதிக் காட்டுவதே முறை; குறிப்பாக ஜின்கோ, ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளுடன் சேரும்போது இரத்தக்கசிவுக்கு இடம் தரலாம்.

வயிற்றைப் பொறுத்தவரை, குமட்டலும் பேதியும் பசியின்மையும் பெரும்பாலும் தொடக்க வாரங்களில் வந்து தணிபவை. உணவுடன் கொடுத்தால் குறையும். தணியாமல் எடை இறங்கிக்கொண்டே போனால் மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்பதால், மாதம் ஒருமுறை எடை பார்ப்பது நல்லது. இம்மருந்துகளுடன் மூட்டு வலிக்கான வலிநிவாரணியும் தொடர்ந்து உண்பவருக்கு இரைப்பையில் புண்ணும் கசிவும் ஏற்படும் வாய்ப்பு கூடும். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சிறைப்பு கூடலாம். டோனெபெசிலால் சிலருக்கு அச்சமூட்டும் தெளிவான கனவுகள் வருகின்றன. மருத்துவரின் இசைவுடன் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே இது பலருக்கும் நீங்குகிறது. மெமன்டின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகச் செயல் பெரிதும் குறைந்தவருக்கு நாளொன்றுக்கு 10 மி.கி.க்கு மேல் தரப்படுவதில்லை. கிரியாட்டினின் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் காட்டாமல் இதைத் தொடங்கக் கூடாது.

அடிக்க வருதல், கூச்சலிடுதல், இல்லாததைக் கண்டதாகச் சொல்லுதல் போன்ற நடத்தை மாற்றங்களுக்கென்று ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவெட்டியாபின், ஹாலோபெரிடால் முதலிய மனநோய் மருந்துகள் எழுதப்படுவதுண்டு. மறதி நோயுள்ள முதியவர்களிடம் இவை இறப்பு விகிதத்தைக் கூட்டுவதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இலும், பழைய தலைமுறை மருந்துகளையும் உட்படுத்தி 2008-இலும் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. 17 ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஏறத்தாழ பத்து வாரத்தில், போலி மாத்திரை பெற்றோரில் 2.6 விழுக்காட்டினர் இறந்திருக்க, இம்மருந்து பெற்றோரில் அது 4.5 விழுக்காடாக இருந்தது. தமக்கோ பிறருக்கோ கேடு விளையும் நிலையில் இவை தேவைப்படலாம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திடீர்க் கூச்சலுக்குப் பின்னால் மலச்சிக்கலோ சிறுநீர்த் தொற்றோ பல்வலியோ இருக்கிறதா என்று தேடாமல் இம்மருந்தை நாடுவது தவறு. எவ்வளவு நாளுக்கு, எப்போது குறைக்கப்படும் என்ற இரு கேள்விகளைக் குடும்பத்தார் முதல் நாளிலேயே தயங்காமல் கேட்க வேண்டும். உறக்கத்துக்கென்று தரப்படும் அல்பிரசோலம், குளோனசிபம் போன்றவையும் விழுதலையும் குழப்பத்தையும் கூட்டுபவையே.

லெக்கனெமாப், டோனனெமாப் போன்ற, மூளையில் படியும் அமிலாய்டு என்னும் புரதத்தை அகற்றும் புதிய மருந்துகள், நோய் தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும், பெரும்பாலும் சிரை வழியே சொட்டுச் சொட்டாக ஏற்றப்படுகின்றன. மூளையில் வீக்கமும் நுண் இரத்தக்கசிவும் இவற்றால் நேரக்கூடும் என்பதால் குறித்த இடைவெளிகளில் எம்.ஆர்.ஐ. எடுப்பது கட்டாயம். வெளிநாட்டில் பிள்ளைகளுடன் தங்கி இச்சிகிச்சை பெற்றுத் திரும்பும் பெற்றோர், அதைத் தெரிவிக்கும் அட்டை ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். பக்கவாதம் என்று எண்ணி அவசரப் பிரிவில் கொடுக்கப்படும் இரத்தக்கட்டி கரைக்கும் ஊசி இவர்களுக்கு உயிராபத்தாகலாம்.

மாத்திரையை நோயாளி மறுக்கும்போது வற்புறுத்தாமல் அரைமணி நேரம் கழித்து மீண்டும் கொடுத்துப் பார்ப்பது பெரும்பாலும் பலன் தரும். பொடித்துத் தயிர்சாதத்தில் மறைத்துக் கொடுக்கலாமா என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழுகிறது. டோனெபெசிலின் 23 மி.கி. மாத்திரையும், மெதுவாக மருந்தை விடுவிக்கும் கேலன்டமின் கேப்சூலும் பொடிக்கவோ மெல்லவோ கூடாதவை. பொடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கும். விழுங்கச் சிரமப்படுவோருக்கு வாயில் கரையும் மாத்திரையும் பேட்சும் இருப்பதால், மறைத்துக் கொடுக்கும் முடிவை மருத்துவரிடம் பேசியபின்னரே எடுக்க வேண்டும்.

கண்புரை, இடுப்பெலும்பு முறிவு என்று அறுவை சிகிச்சைக்குச் செல்லும்போது மயக்க மருந்து நிபுணரிடம் இம்மருந்துகளைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும்; தசையைத் தளர்த்த அவர் பயன்படுத்தும் சில மருந்துகளின் செயல் நீண்டுவிடக்கூடும். இவை மருத்துவரின் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கப்பட வேண்டியவை என்றாலும், பழைய சீட்டையே காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். ஆறு மாதத்துக்கொருமுறையேனும் மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்து, எடை, நாடி, பிற மருந்துகள் ஆகியவற்றைச் சரிபார்ப்பது அவசியம்.

பயன் தெரியவில்லை என்று மருந்தைத் தாமாக நிறுத்துவது பற்றியும் எச்சரிக்கை வேண்டும். நோய் நடுநிலையையோ முற்றிய நிலையையோ அடைந்தவர்களிடம் டோனெபெசிலைத் தொடர்வதையும் நிறுத்துவதையும் ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 2012-இல் வெளியானது; தொடர்ந்தவர்களின் நினைவும் அன்றாடச் செயல்திறனும் சற்று மேலாக இருந்தன. நிறுத்தியவர்கள் முதல் ஓராண்டுக்குள் பராமரிப்பு இல்லங்களுக்குச் செல்ல நேர்ந்ததும் அதிகம் என்று அதன் தொடர் ஆய்வு தெரிவித்தது. மறுபுறம், படுத்த படுக்கையாகி, உணவும் இறங்காத இறுதிக் கட்டத்தில் மருந்தை நிறுத்துவது கைவிடுதலாகாது. பயனைவிடத் தொல்லை மிகும்போது நிறுத்துவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அப்போதும் ஒரேயடியாக நிறுத்தாமல், 10 மி.கி.யை 5 ஆக்கிச் சில வாரம் பார்த்தபின் நிறுத்துவதும், நிறுத்தியபின் குழப்பமோ கிளர்ச்சியோ வெளிப்படையாகக் கூடினால் மீண்டும் தொடங்குவது பற்றி உடனே மருத்துவரிடம் பேசுவதும் நடைமுறை. நிறுத்திய மருந்தின் எஞ்சிய மாத்திரைகளையும் பேட்சுகளையும் அன்றே வீட்டிலிருந்து அகற்றிவிட வேண்டும்.